பரீட்சை மண்டபத்தில் இருந்தவர்கள் யார்?
வளரிளம் பருவத்தினரின் பொது நுண்ணறிவு பற்றிய ஓர் ஆய்வின் மீது சில கேள்விகள்

நம் சங்கத்து ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரிசளிப்பு என்றால் மேடை நிறையப் பெண் பிள்ளைகள்தான். பையன்கள் ஒருவர் இருவர் தலைகாட்டுவார்கள். அப்படி ஒரு பரிசளிப்பில் எனக்குப் பின் வரிசையில் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பொண்ணுங்க உருப்போட்டு மார்க் வாங்கிடும் சார். அது உழைப்பு. மூளைன்னு வந்தா பசங்கதான். ஃபாரின்ல லட்சம் பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டான். ஐ.ஐ.டி. லிஸ்டைப் பார்த்தாலும் அதுதானே?" மனிதர் மெதுவாகவும் பேசவில்லை. கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கி வந்த பெண்களின் காதிலும் விழுந்திருக்கும்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. லட்சம் பேர் என்கிறாரே, பார்க்காமல் பேசக்கூடாது என்று தோன்றியது. பிறகு தேடிப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரி ஓர் ஆய்வு இருக்கத்தான் செய்கிறது. அது என்ன சொல்கிறது, எங்கே இடறுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வாளர்களின் கட்சி என்ன, கொள்கை என்ன என்பதை வைத்து அவர்களைத் தள்ளிவிடுவது சுலபம். அதை நான் செய்யப்போவதில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

கைமணமும் பொதுக் காரணியும்

முதலில் 'பொது நுண்ணறிவு' என்றால் என்ன? 1904ல் இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை பெரும்பாலும் மொழியிலும் கெட்டிக்காரனாக இருக்கிறான். ஒன்றில் பின்தங்கியவன் மற்றதிலும் பின்தங்குகிறான். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் மொத்தத்தில் போக்கு அதுதான். எல்லாத் திறமைகளுக்கும் பின்னால் பொதுவான ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்து, அதற்கு 'ஜி' என்று பெயர் வைத்தார்.

நம் சமையலறையில் இதற்கு ஒப்புமை உண்டு. சாம்பார் நன்றாக வைக்கிறவர் வைத்தால் ரசமும் நன்றாகத்தான் இருக்கும், வத்தக்குழம்பும் நன்றாகத்தான் இருக்கும். அதைக் கைமணம் என்கிறோம். கைமணத்தைத் தனியாக எடுத்து யாரும் தராசில் வைத்ததில்லை. பல பண்டங்களை ருசித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை ஊகிக்கிறோம். 'ஜி'யும் அப்படித்தான். பலவகைத் தேர்வுகளை வைத்து, மதிப்பெண்களுக்கிடையே உள்ள உறவைக் கணக்கிட்டு எடுக்கிற ஓர் அளவு. ஆகவே என்னென்ன பண்டம் பரிமாறப்பட்டது, யார் யார் சமைக்க வந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் கைமணத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

லட்சம் பேர் ஆய்வு

டக்ளஸ் ஜாக்சன், பிலிப் ரஷ்டன் இருவரும் 2006ல் 'இன்டெலிஜென்ஸ்' என்ற ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை அது. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக விரும்பும் மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் 1991ஆம் ஆண்டு விடைகளை எடுத்துக்கொண்டார்கள். 17, 18 வயதினர். ஆண்கள் 46,509 பேர், பெண்கள் 56,007 பேர். மொத்தம் 1,02,516. பெரியவர் சொன்ன லட்சம் சரிதான். 145 கேள்விகளுக்கான விடைகளிலிருந்து 'ஜி'யைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டதில், ஆண்கள் சராசரியாக 3.63 ஐ.க்யூ. புள்ளிகள் மேலே என்று வந்தது. வருமானம் எந்த மட்டத்தில் இருந்தாலும், பெற்றோர் படிப்பு எந்த மட்டத்தில் இருந்தாலும், எந்த இனத்தவரானாலும் இந்த வித்தியாசம் இருக்கிறது என்றும் காட்டினார்கள்.

இதற்குத் துணையாக ஒரு கோட்பாடும் ஏற்கெனவே இருந்தது. ரிச்சர்ட் லின் 1994ல் முன்வைத்தது. பெண் பிள்ளைகள் சீக்கிரம் வளர்கிறார்கள், அதனால் 15 வயதுவரை இருபாலாரும் சமமாகத் தெரிகிறார்கள்; 16க்குப் பிறகு பையன்களின் வளர்ச்சி தொடர்கிறது, பெரியவர்களாகும்போது 4, 5 புள்ளிகள் முந்திவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். 2005ல் லின்னும் பால் இர்விங்கும் சேர்ந்து, பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ஒருவகைத் தேர்வின் முடிவுகளைத் திரட்டி, ஆண்கள் 3.3 முதல் 5 புள்ளிகள்வரை மேலே என்று எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பொருந்திப் போகிறது. 16 வயதுவரை சமம், அதன் பிறகு ஆண்கள் மேலே.

ஆனால் அந்தப் 16 வயதில் இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அதன் பிறகு இருப்பதில்லை. சிலர் வேலைக்குப் போகிறார்கள், சிலர் பட்டாளத்துக்குப் போகிறார்கள், சிலர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். 11 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தால் ஊரையே சோதிக்கிறோம். 17 வயதில் கல்லூரித் தேர்வுக்கு வந்தவர்களைச் சோதித்தால், வந்தவர்களை மட்டும்தான் சோதிக்கிறோம்.

பத்துக்குப் பத்து

கட்டுரையிலேயே இருக்கும் எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்கள். 56,007 பெண்கள், 46,509 ஆண்கள். ஏறக்குறைய ஆறுக்கு ஐந்து. பதினேழு வயதில் அமெரிக்காவில் பையன்கள் பெண்களைவிடக் குறைவாக இல்லை. அப்படியானால் மீதிப் பையன்கள் எங்கே?

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். ஒரு தெருவில் பத்துப் பெண்கள், பத்துப் பையன்கள். இரு தரப்பிலும் திறமை அச்சாக ஒன்றே: 10, 20, 30 என்று 100வரை ஆளுக்கொரு மதிப்பெண். கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டுத் தேர்வு எழுதப் பெண்களில் மேலே இருக்கும் ஆறு பேர் போகிறார்கள். பையன்களில் மேலே இருக்கும் ஐந்து பேர்தான் போகிறார்கள். பெண்களின் மதிப்பெண் 50, 60, 70, 80, 90, 100. சராசரி 75. பையன்களுடையது 60, 70, 80, 90, 100. சராசரி 80. மண்டபத்துக்குள் பையன்கள் ஐந்து மதிப்பெண் மேலே. தெருவிலோ வித்தியாசம் துளிகூட இல்லை!

உண்மை வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகத் திறமைப்படியே வடிகட்டப்படுவதில்லை என்பது எனக்கும் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகளும் விட்டுப்போவார்கள், சுமாரானவர்களும் வந்து எழுதுவார்கள். ஆகவே 3.63 முழுவதும் வடிகட்டியதால் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு வடிகட்டியால் வந்தது, எவ்வளவு மூளையால் வந்தது என்று இந்தத் தேர்வை வைத்துப் பிரிக்க முடியாது. எல்லா வருமான மட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறதே என்ற பதிலும் இதற்குப் போதாது. எந்த வருமானத்தவரானாலும் எழுத வந்தவர்கள்தானே கணக்கில் இருக்கிறார்கள்? வடிகட்டி எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்தால், எல்லாத் தட்டிலும் அதே வித்தியாசம்தான் தெரியும். இர்விங்கும் லின்னும் எடுத்த பல்கலைக்கழக மாணவர்களும் இப்படி வடிகட்டி இறங்கியவர்கள்தான்.

இந்தப் பள்ளம் புதிதும் அல்ல. 1916ல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் சுமார் ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தார். 13 வயதுவரை பெண்கள் ஒரு துளி மேலே. 14ல் திடீரென்று பையன்கள் மேலே வந்தார்கள். டெர்மன் உடனே மூளை வளர்ச்சி என்று எழுதிவிடவில்லை. கெட்டிக்காரப் பெண்கள் பையன்களைவிட அதிகமாக உயர்நிலைப் பள்ளிக்கு மேலேறிப் போய்விட்டார்கள், அவர் சோதித்த கீழ் வகுப்புகளில் அவர்கள் இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1916ல் கேட்ட கேள்வியை 2006ல் இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டாமா?

அடுத்தது, பரிமாறிய பண்டம். 1991ஆம் ஆண்டு எஸ்.ஏ.டி.யில் இருந்தது சொல் அறிவும் கணக்கும். வேகமாக, பிழையில்லாமல் குறியீடுகளைச் சரிபார்க்கும் வகைத் தேர்வுகளில் பெண்கள் பொதுவாக முந்துவார்கள். அந்த வகை அதில் இல்லை. கட்டுரை எழுதும் பகுதியும் இல்லை. 2005ல் எழுத்துப் பகுதியைச் சேர்த்தபோது அதில் பெண்களின் சராசரி ஆண்களைவிட மேலே இருந்தது. இரண்டே பண்டத்தை ருசித்துவிட்டுக் கைமணத்துக்குத் தீர்ப்பு எழுதியது போலத்தான் இது.

ஊரையே உட்கார வைத்த நாள்

வடிகட்டாமல் சோதித்தால் என்ன வரும்? அதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1ஆம் தேதி, 1921ல் பிறந்து பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் ஒரே தேர்வு எழுத வைத்தார்கள். எழுதியவர்கள் 87,498 பேர். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த பதிவேடுகளை எடின்பரோவின் இயன் டியரியும் அவர் சகாக்களும் தூசி தட்டி எடுத்து, 2003ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கில் வந்த பெண்கள் 39,343, சராசரி 100.64. பையன்கள் 40,033, சராசரி 100.48. வித்தியாசம் என்று சொல்லவே முடியாத வித்தியாசம்.

2006ல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகள் 3,20,000 பேருக்கு மேல் எழுதிய தேர்வை ஆராய்ந்தபோதும் இதே சேதிதான். மொழித் திறமையில் பெண்கள் 2.2 புள்ளி மேலே. எண், உருவம் சார்ந்தவற்றில் வித்தியாசம் 0.3 புள்ளிக்கும் கீழே.

லின் உயிரோடிருந்தால், "11 வயதில் சமம் என்றுதான் நானும் சொல்கிறேன், 16க்குப் பிறகு காட்டுங்கள்" என்பார். நியாயமான பதில். அவர் கோட்பாட்டை ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமானால் அதே பிள்ளைகளை 11லும் 17லும், யாரையும் விடாமல் சோதிக்க வேண்டும். அது எளிதல்ல. அதற்கு அடுத்தபடியாக நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுவது.

அண்ணனும் தங்கையும்

டியரி, இர்விங் முதலிய நால்வர் 2007ல் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் 1979ல் 14 முதல் 22 வயதுவரை இருந்த இளைஞர்களை நாடு முழுவதும் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரிக்குப் போகிறவர்களா இல்லையா என்று பார்த்து எடுத்தது அல்ல. அதில் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஜோடிகள் 1,292 கிடைத்தன. ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே அடுப்படி.

எழுதிய தேர்வு ராணுவத்துக்கு ஆள் எடுக்க வைப்பது. மோட்டார் வண்டி, மின்சாதனங்கள் பற்றிய கேள்விகள்கூட அதில் உண்டு. பையன்கள் பழகியிருக்கக்கூடிய சங்கதிகள். அப்படியிருந்தும் ஆண்கள் முந்தியது ஒரு திட்ட விலக்கத்தில் நூற்றுக்கு ஏழு பங்குக்கும் கீழே. ஐ.க்யூ. கணக்கில் சுமார் ஒரு புள்ளி. 3.63 எங்கே, 4, 5 எங்கே, இந்த ஒரு புள்ளி எங்கே! 2005ல் லின்னோடு சேர்ந்து 5 புள்ளிவரை சொன்ன அதே இர்விங்தான் இந்தக் கட்டுரையிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். சான்று வேறு விதமாக வந்தால் அதையும் வெளியிடுவதுதான் ஆய்வாளனுக்கு அழகு.

மறைக்கக் கூடாத விஷயம்

எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு நழுவ நான் விரும்பவில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் சிலவற்றில் இன்னொரு முடிவும் இருக்கிறது. சராசரி சமமாக இருந்தாலும் பரவல் சமமாக இல்லை. பையன்கள் இரண்டு ஓரங்களிலும் அதிகம். ஸ்காட்லாந்தில் 130 முதல் 140வரை எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் பையன்கள். 50 முதல் 60வரை எடுத்த அடிமட்டத்திலும் அதேபோல் சுமார் 58, 59 பேர் பையன்கள். அண்ணன் தங்கை ஆய்வில் மேலே உள்ள நூற்றுக்கு இரண்டு பேரில் ஆண்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இது ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. அதில் நான் நுழையவில்லை. ஆனால் நம்மவர்கள் இதைப் பயன்படுத்தும் விதம் சரியில்லை. மேல் ஓரத்தைக் காட்டி, "பார், பசங்கதான்" என்கிறார்கள். கீழ் ஓரத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. ஓரத்தில் இருப்பதைச் சராசரிக்கும் ஏற்றிச் சொல்வது அதைவிடத் தப்பு. ஓரத்தில் யார் அதிகம் என்பதை வைத்து, எதிரே நிற்கும் ஒரு பெண்ணின் மூளையை அளக்கவே முடியாது.

சரி, அந்த ஐ.ஐ.டி. பட்டியலுக்கு வருவோம். பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை 2018ல் ஏற்படுத்துவதற்கு முன்பு, ஐ.ஐ.டி.க்களில் சேர்ந்தவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூடுதல் இடங்கள் வந்தபின் 2018க்கு 14 சதவீதம், 2020க்கு 20 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். பரவல்தான் காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது. ஸ்காட்லாந்தின் மேல் தட்டில் நூற்றுக்கு 42 பேர் பெண்கள். அண்ணன் தங்கை ஆய்வின் உச்சியில் மூன்றில் ஒருவர் பெண். இன்னும் உச்சிக்குப் போனால் விகிதம் இன்னும் கொஞ்சம் சாயலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முப்பத்துச் சொச்சம் எங்கே, பத்துக்கும் கீழே எங்கே? நடுவில் காணாமல் போன பெண்களை மூளைக் கணக்கில் எழுத முடியாது. இரண்டு வருஷம் வெளியூரில் தங்கிப் பயிற்சி பெற்று எழுதும் தேர்வு அது. அதற்கு யாரை அனுப்பினோம், யாரை அனுப்பவில்லை என்ற கணக்கில்தான் அதை எழுத வேண்டும். இங்கேயும் கேள்வி அதேதான்: மண்டபத்தில் இருந்தவர்கள் யார்?

மார்க்கும் மூளையும்

பெரியவரின் முதல் வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். 2024ல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் பெண்கள் 91.52 சதவீதம் தேர்ச்சி, பையன்கள் 85.12. வருஷா வருஷம் இப்படித்தான். இதை வைத்துப் "பெண்களுக்குத்தான் மூளை அதிகம்" என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. இங்கிலாந்தில் 70,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 11 வயதில் 'ஜி' தேர்வும் 16 வயதில் பள்ளி இறுதித் தேர்வும் எழுதியதை வைத்து ஒப்பிட்டு, 2007ல் டியரி குழுவினர் வெளியிட்டார்கள். 'ஜி'யில் பெண்கள் மேலே இல்லை. ஆனால் இயற்பியல் தவிர எல்லாப் பாடத்திலும் பெண்களே மேலே. மொழித் திறமை கூடுதல் என்பதாலும் அது வரவில்லை என்று கண்டார்கள். சமமான அறிவை வைத்துக்கொண்டு பெண்கள் அதிகம் விளைய வைக்கிறார்கள் என்றுதான் இதற்கு நான் பொருள் கொள்கிறேன். அதை 'உருப்போடுதல்' என்று மட்டம் தட்டுவானேன்? ஒழுங்காக உட்கார்ந்து படிப்பது பையன் செய்தால் "பொறுப்பான பிள்ளை", பெண் செய்தால் "உருப்போடும் பெண்" என்பது என்ன நியாயம்?

பாரதியின் பெண்கள் விடுதலைக் கும்மிக்கு நம் மேடையில் பெண் குழந்தைகள் ஆடாத ஆண்டு இல்லை. நாமும் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் முடிந்து வீட்டுக்குப் போனபின் எடுக்கப்படும் முடிவுகள்தான் எனக்குக் கவலை. பத்தாம் வகுப்பு முடிந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கோச்சிங் கட்டணம் ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்ற நிலை வருகிறது. மாதச் சம்பளத்தில் ஊரைவிட்டு வந்து குடும்பம் நடத்துகிற நமக்கு அது பொய்யான நிலையும் அல்ல. அப்போது அப்பா அம்மா எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? "அவனுக்குத்தான் மூளை, இவளுக்கு மார்க் தானா வரும்" என்ற பேச்சு அங்கேதான் வேலை செய்கிறது. அதற்கு 'ஃபாரின் ஆராய்ச்சி' என்ற முத்திரையும் குத்திவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

அந்த முத்திரை செல்லாது என்பதே என் முடிவு. லட்சம் பேர் ஆய்வு எஸ்.ஏ.டி. எழுத வந்தவர்களைப் பற்றி ஏதோ சொல்கிறது. நம் வீட்டு அண்ணன் தங்கையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தங்கைகளையே எடுத்துப் பார்த்த ஆய்வு, இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிறது. ஆகவே பணம் ஒருவருக்குத்தான் உண்டு என்றால், இரண்டு பிள்ளைகளும் போட்டுப் பார்த்த கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள், யாருக்கு அதில் ஆசை என்று கேளுங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். பெரியவரை அடுத்த விழாவில் பார்த்தால் இதைத்தான் அவரிடமும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.